தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுகிறவர்

எங்கள் கிளப்பில் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்தால், அவரைப் பேச விடுவதற்கு முன்னால் அவர் யார் என்பதை அவருக்கே எடுத்துச் சொல்ல வேண்டும். அது முறை. ஊருக்கு உழைக்கிற கிளப் என்று பேர். கண் முகாம், ரத்த தானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ரெயின்கோட் என்று வேலையும் நிஜமாகவே நடந்தது. ஆனால் எந்த வேலையும் அறிமுகம் இல்லாமல் ஆரம்பிக்காது. சில கிளப்புகள் சேர்ந்தால் ஒரு மண்டலம், மண்டலங்கள் சேர்ந்தால் வட்டாரம், அதற்கும் மேலே மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். ஜூலை பிறந்தால் அத்தனை பதவியும் கை மாறும். புனாவில் ஜூலை என்றால் நல்ல மழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் மாலை என்று புதுத் தலைவர்கள் கிளப் கிளப்பாக வந்து போவார்கள். வந்தவர்களை எல்லாம் யாராவது அறிமுகம் செய்ய வேண்டும்.

எங்கள் கிளப்பில் அதைச் செய்தவர் ஒரு திருநெல்வேலிக்காரர். தாபோடியில் என் எலெக்ட்ரிகல் கடைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். கட்கி பக்கம் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலை. கோயம்புத்தூர்க்காரனான எனக்கும் சேர்த்து அங்கே இருந்த தமிழர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மராத்திக்காரர்கள் அதைப் பெயர் என்றே எடுத்துக்கொண்டு ‘அண்ணாச்சி சாஹேப்’ என்று கூப்பிடுவார்கள். அவரும் திருத்தமாட்டார். “ஒரு பேருக்கு ரெண்டு மரியாதை கிடைக்கி, விடுவீரா வே?” என்பார்.

மற்ற கிளப்புகளில் அறிமுகம் என்றால் தலைவரின் ஆபீசிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்று வரும். எங்கே பிறந்தார், என்ன படித்தார், எந்தெந்தப் பதவி வகித்தார், ஓய்வு நேரத்தில் என்ன செய்வார். கடைசி வரியில் எல்லோருமே புத்தகம் படிப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். ஒருவர் அதை வாசிப்பார், அறிமுகமாகிறவர் தலையைக் குனிந்துகொண்டு தன் பிறந்த ஊர் சரியாக வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பார். எங்களுக்கும் அந்தத் தாள் வரும். அண்ணாச்சி அதை நாலாக மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொள்வார். மேஜையில் வட்டம் விழாமல் இருக்க அது உதவும் என்பது அவர் கருத்து.

“மாலை போட்டா கழுத்து தெரியாதுவே. இந்தத் தாளு பூரா மாலை. எனக்குக் கழுத்து வேணும்.”

அந்தக் கழுத்தைப் பார்ப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். யாரை அறிமுகம் செய்ய வேண்டுமோ அவர் வீட்டுக்குப் போவார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: யாரும் சொல்லாமல் இவராகவே செய்கிற வேலை என்ன? அவ்வளவுதான். பதில் கிடைத்ததும் எழுந்து வந்துவிடுவார். தான் தண்ணீர் குடிக்காத வீட்டுக்காரரைப் பற்றி மைக்கில் ஒரு சொல் பேச மாட்டார். “பேசுனா நாக்கு மேல ஒட்டிக்கிடும்” என்பார். சும்மா சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருமுறை, அண்ணாச்சியால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடியாத ஒரு விருந்தாளி கூட்டத்துக்கு வந்துவிட்டார். அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, “இவரு வீட்டுக்கு நான் இன்னும் போகல. அதனால இவரு யாருன்னு எனக்குத் தெரியாது. மன்னிக்கணும்” என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹிந்தியில் தொடங்குவார், மராத்தியில் நடப்பார், அவசரம் என்றால் தமிழில் இறங்கிவிடுவார். மூன்றிலும் திருநெல்வேலி மணக்கும். ஆனால் ஹால் ஒட்டுமொத்தமாகக் காது கொடுக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மண்டலத் தலைவராகத் தளேகாவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலைப் பிடித்துத் தளேகாவ் போய் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார். கூட்டத்தில் டாக்டரம்மாவின் படிப்பு, ஆஸ்பத்திரி, விருது எதையும் தொடவில்லை. “இவங்க வீட்டில் ராத்திரிக்குப் பாக்கரி சுடும்போது ஒண்ணு எப்படியும் கருகும். அந்தக் கருகின ரொட்டியை யாரும் பார்க்கிறதுக்கு முன்னால் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வாராம். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் வேறு யாரும் கருகின பாக்கரி சாப்பிட்டதில்லை. இதைச் சொன்னது அவருடைய மாமியார்” என்று முடித்துக்கொண்டார். மாமியார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா மேடையிலிருந்து அவரைத் திரும்பிப் பார்த்தார். பேச எழுந்தவர் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

லோஹேகாவிலிருந்து வந்த ஒரு விமானப்படை ரிட்டயர்ட் அதிகாரியைச் சிரிக்கச் சிரிக்க அறிமுகம் செய்தார். அவர் விமானத்தை எந்த மழையிலும் இறக்கிவிடுவாராம். காரை மட்டும் ரிவர்ஸ் எடுக்க வராதாம். தினமும் காலையில் சம்சாரம் பின்னால் நின்று “ஆனே தோ, ஆனே தோ” என, வரட்டும் வரட்டும் என்று கையாட்டினால்தான் கார் வாசலைத் தாண்டும். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வருஷம் முழுக்க அவர் எந்தக் கிளப்புக்குப் போனாலும், போர்டிகோவில் நாலு பேர் நின்று “ஆனே தோ” சொன்னார்களாம். அதனாலேயே எல்லாருக்கும் வேண்டியவராகிவிட்டார்.

வெளியிலும் அவர் இப்படித்தான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இரண்டு பேரைச் சும்மா நிற்க விடமாட்டார். ஹிஞ்ஜேவாடி கம்பெனிகளுக்குச் சென்னையிலிருந்து வந்த பையன்கள் ஒரே கட்டிடத்தில் மேலும் கீழும் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் ஹிந்தியில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். “ஏல, ரெண்டு பேரும் தமிழனுவதான்லே. இவன் ரசம் வைப்பான், உனக்கு ரசம் தெரியாது. பேசுங்க” என்று கோத்துவிட்டுப் போவார்.

இதையெல்லாம் ரசிக்காத ஒரே ஆள் அவர் சம்சாரம். நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். நான் போகும்போதெல்லாம் என்னிடம் சொல்கிற மாதிரி அவருக்குச் சொல்வார். “ஊருல உள்ள வீட்டுத் தண்ணியெல்லாம் குடிச்சிட்டு வாராக. நம்ம வீட்டுக்குத் தண்ணி வாரப்ப மட்டும் தூக்கம். கீழ இருந்து நாந்தான் குடம் குடமா ஏத்துதேன்.”

அண்ணாச்சி பேப்பரிலிருந்து தலை தூக்காமல், “குடம் தூக்குதவளை அறிமுகம் செய்யணும்னா சொல்லு, மைக்கு வாங்கிட்டு வாரேன்” என்பார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, கோத்ரூடைச் சேர்ந்த ஒரு தேஷ்பாண்டே வட்டாரத் தலைவரானார். கறாரான மனுஷன். அவர் போகிற கிளப்புகளில் கூட்டம் நேரத்துக்குத் தொடங்காவிட்டால் திரும்பிப் போய்விடுவார் என்று பேச்சு. அவர் வருகிறார் என்றதும் எங்கள் கிளப் தலைவர் ஜாதவுக்கே பயம் வந்துவிட்டது. லாரி வைத்து நடத்துகிறவர் ஜாதவ். எந்தப் போலீஸ்காரனுக்கும் பயப்படாதவர். “அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாள் அந்தத் தாளை வாசிச்சிடுங்க” என்று கெஞ்சினார்.

“தண்ணி குடிச்சாச்சு ஜாதவ். பெரிய மனுசன். நீரு கேட்டா ஆடிப் போயிருவீரு.”

அவர் போன நேரம்தான் தப்பு. அன்றைக்கு ஸ்டோர்ஸில் அரை நாள் லீவ் கிடைத்து, மத்தியானமே கோத்ரூட் போய்விட்டார். புனாவில் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் நாலு மணி வரை கடை திறக்காது, கதவு திறக்காது, கடவுளே வந்தாலும் மாடிப்படியில்தான் உட்கார வேண்டும். விசாரிக்க ஆள் இல்லாமல், அண்ணாச்சி அவர் குடியிருந்த அடுக்குமாடிச் சொசைட்டியில் தேஷ்பாண்டே என்று பலகை மாட்டிய முதல் கதவைப் பார்த்து மணி அடித்தார். ஒரு வயதான அம்மாள் திறந்தார். சாஹேப் தூங்குகிறார், எழுப்ப முடியாது என்றார். பரவாயில்லை, கிளப்பிலிருந்து வருகிறேன், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்றார் அண்ணாச்சி. அந்த அம்மாளுக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தார், பதிலும் சொன்னார்.

விழா தாபோடியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். வெளியே மழை. மேடையில் தேஷ்பாண்டே, பக்கத்தில் அவர் சம்சாரம். அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். அவர் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

“இவர் விடியறதுக்கு முன்னே எழுந்திரிக்கிறவர். கட்டிடத்துக்குக் கார்ப்பரேஷன் தண்ணி வர்ற வால்வைத் திறந்துவிட்டு, தொட்டி நிறையற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர். குழாய் உறுமினா யாராவது முழிச்சிக்குவாங்கன்னு மெல்ல மெல்லத் திறக்கிறவர். இவர் திறந்த தண்ணியிலே குளிச்சிட்டு, திறந்தது யாருன்னு தெரியாமலே ஆபீஸ் போற வீடுகள் எத்தனையோ. அவர்தான் நம்ம வட்டாரத் தலைவர்.”

கைதட்டல் பலமாக இருந்தது. மேடையில் மட்டும் யாரும் அசையவில்லை. தேஷ்பாண்டேயின் சம்சாரம் கணவனைப் பார்த்தார், கணவர் மைக்கைப் பார்த்தார். எழுந்து வந்து, நிதானமாக, “நான் அந்தத் தேஷ்பாண்டே இல்லை. அவர் எதிர்ப் பக்கம், பி விங். நான் ஏ விங். நான் ஏழு மணிக்கு எழுந்திருக்கிறவன்” என்றார்.

ஹால் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அண்ணாச்சி இதுவரை சிரிக்க வைத்தவர். அன்றைக்குத்தான் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய கிளப்புகளிலிருந்து வந்திருந்தவர்கள் பின்வரிசையில் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். தேஷ்பாண்டே கோபப்படவில்லை. எழுதி வந்த பேச்சை முழுதாகப் பேசினார். பேசி முடித்ததும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். மசாலா பாத் சாதமும் ஜிலேபியும் அப்படியே இருந்தன. ஜாதவ் ஜிலேபித் தட்டை அண்ணாச்சிக்கு எட்டாமல் தூரமாகத் தள்ளி வைத்தார்.

அண்ணாச்சி என்னிடம் வந்து மைக்கைக் கொடுத்தார். அது என் கடை மைக்தான். “வே, இனிமே தாளை வாசியும். இன்னொருத்தர் மாலையை இவரு கழுத்துல போட்டுட்டேன். நாக்குல இனி ஈரம் இல்ல.”

அதோடு நிறுத்திவிட்டார். கூட்டத்துக்கு வருவார், நாற்காலி போடுவார், கண் முகாமில் வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போவார். மைக் பக்கம் வரமாட்டார். அறிமுகத் தாளை நான் வாசித்தேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் எழுந்து பாத்ரூம் போவது மேடையிலிருந்து நன்றாகத் தெரியும். பஸ் ஸ்டாப்பில்கூட அவர் பேச்சு குறைந்துபோயிற்று. மதினிதான் ஒரு நாள் கடைக்கு வந்து என்னிடம் சொன்னார்: “தம்பி, இந்த மனுசன் வீட்டுல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்காக. என்னத்தைப் பாக்கியன்னு கேட்டா, ஒண்ணுமில்லங்காக. எனக்குப் பயமா இருக்கு. எப்படியாவது அந்த மைக்கைக் கையில குடுங்க.”

எனக்கும் அதே கவலைதான். ஆனால் கொடுத்தால் வாங்க வேண்டுமே.

அடுத்த ஜூலையும் வந்தது. தேஷ்பாண்டே இப்போது கிளப்புகளின் மாவட்டத் துணை ஆளுநர், அதாவது மாவட்டத் தலைவருக்கு அடுத்தவர். அந்த வருஷம் நான்தான் கிளப் செயலாளர்; வேறு ஆள் கிடைக்காமல் ஜாதவே மறுபடியும் தலைவர். விழாவுக்கு அழைப்பதற்கு ஜாதவுக்குத் தைரியமில்லை; நான்தான் போன் செய்தேன். தேஷ்பாண்டே ஒரே நிபந்தனை போட்டார். போன வருஷம் பேசினாரே, அந்த ஆள் அறிமுகம் செய்தால் வருகிறேன். அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஏ விங். நாலு மணிக்கு மேல்.

அண்ணாச்சி மறுத்துவிட்டார். “கேலி பண்ணக் கூப்பிடுதாரு. ஒருக்கா சிரிச்சது போதாதாக்கும்?”

“கேலி பண்றவங்கன்னா போன்லயே தெரிஞ்சிருமுங்க அண்ணாச்சி. அவரு ரொம்ப மெதுவாப் பேசுனாருங்க” என்றேன்.

மதினி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். “தப்பான வீட்டுத் தண்ணியக் குடிச்சா, சரியான வீட்டுத் தண்ணியக் குடிச்சுத்தான் தீக்கணும். இங்கயே உக்காந்திருந்தா தீருமா? சட்டைய மாட்டுங்க.”

என் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். அண்ணாச்சி ஏ விங் மாடியேறினார். நான் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் கைத்தடியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். யாரைப் பார்க்க என்று விசாரித்தார். துணை ஆளுநர் தேஷ்பாண்டேயை என்றேன்.

“தண்ணி தேஷ்பாண்டேயா?” என்று சிரித்தார். “நான்தான் முன்னே தண்ணி தேஷ்பாண்டே. பி விங்.”

மெதுவாகக் கதை வந்தது. போன மழைக்காலத்தில் பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன். வால்வைத் திறக்க ஆள் இல்லை. சொசைட்டிக்காரர்கள் யாரோ அந்த விழாவுக்கு வந்திருக்கிறார்கள் போல. நேரே ஏ விங் கதவைத் தட்டி, “மேடையில் உங்களைத்தானே சொன்னார்கள், வந்து திறங்கள்” என்று கேலியாகக் கேட்டிருக்கிறார்கள். மனுஷன் ரோஷத்தில் இறங்கி வந்திருக்கிறார். முதல் நாள் ஒரேயடியாகத் திருகியதில் குழாய் உறுமி மொத்தக் கட்டிடமும் எழுந்துவிட்டது.

“நான் ஜன்னல்லேர்ந்து கத்திக் கத்திச் சொல்லிக் குடுத்தேன்” என்றார் பெரியவர். “இப்போ என் கால் சரியாயிடுச்சு. வால்வு சாவியைக் கேட்டா குடுக்க மாட்டேங்கிறார். வேணும்னா பக்கத்தில் வந்து உட்காருங்கன்றார். இந்த நாற்காலி அவர் வாங்கிப் போட்டதுதான். ரெண்டு பேரும் இங்கேதான் டீ குடிக்கிறோம். இத்தனை வருஷம் அவர் பேர்கூட எனக்குப் பலகையில்தான் தெரியும்.”

அண்ணாச்சி இறங்கி வந்தார். பெரியவரைக் கும்பிட்டார், பெரியவரும் கும்பிட்டார். வண்டியில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

“என்னங்க சொன்னாங்க?”

“நல்ல தண்ணிவே” என்றார். அவ்வளவுதான். ஆனால் தாபோடி வந்து இறங்கியதும், பஸ் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேரைப் பார்த்து, “என்ன, ரெண்டு பேரும் ஒரே ஆபீசு. பேசிக்கிட மாட்டியளோ?” என்று ஆரம்பித்துவிட்டார்.

விழா அதே ஹாலில். அதே மழை. போன வருஷம் சிரித்தவர்கள், இந்த வருஷமும் சிரிக்க வேண்டியிருக்கும் என்று முன்வரிசைக்கே வந்திருந்தார்கள். ஜாதவ் கையில் தாளின் நகல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார், அவசரத்துக்கு. அண்ணாச்சி மைக்கைத் தட்டிப் பார்த்தார். மேடையில் தேஷ்பாண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இவர் விடியறதுக்கு முன்னே எழுந்திரிக்கிறவர்” என்று தொடங்கினார் அண்ணாச்சி. “கட்டிடத்துக்குக் கார்ப்பரேஷன் தண்ணி வர்ற வால்வைத் திறந்துவிட்டு, தொட்டி நிறையற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர்.”

ஹாலில் சலசலப்பு. ஜாதவ் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அண்ணாச்சி நிற்கவில்லை. குழாய் உறுமுவது, மெல்ல மெல்லத் திறப்பது, தெரியாமலே குளித்துவிட்டுப் போகிற வீடுகள், ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் அத்தனையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தேஷ்பாண்டேயைத் திரும்பிப் பார்த்தார்.

“போன தடவை சொன்னதில் தப்பு ஒண்ணுமில்லை. ஒரு வருஷம் முந்திச் சொல்லிட்டேன். அதுக்கு மட்டும் மன்னிக்கணும்.”

தேஷ்பாண்டே எழுந்து வந்தார். மைக்கை வாங்கவில்லை. கட்டியிருந்த கையைப் பிரித்து, வால்வு திருகித் திருகிக் காய்த்துப்போன உள்ளங்கையை ஹாலுக்குக் காட்டிவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டார். முதலில் கைதட்டியது அவர் சம்சாரம். அன்றைக்குத் தேஷ்பாண்டே பேச்சு எதுவும் எழுதி வரவில்லை. சாப்பாட்டுக்கும் இருந்தார், ஜாதவ் ஜிலேபித் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றினார்.

நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். விழாவுக்கு வந்திருந்த மதினி பக்கத்தில் வந்து நின்றார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணாச்சி இருந்த பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“தம்பி, அடுத்த வருசம் இவுகளையே அறிமுகம் செஞ்சு வையுங்க. விடியக்காலம் எந்திரிச்சி வீட்டுக்குத் தண்ணி தூக்குதவருன்னு மைக்குல நீங்க சொல்லிருங்க. அதுக்கு அடுத்த வருசமாவது தூக்குதாகளான்னு பாப்போம்.”